அழியுங் கலையும் அழியா மரபும்
வெண்பனிச் சிற்பப் போட்டியும் வல்வைப் பட்டப் போட்டியும் — ஓர் ஒப்பியல் நோக்கு

தோற்றுவாய்

மார்கழித் திங்களின் பிற்பகுதியில் யாழ்ப்பாண நகரின் தென்கரையிலுள்ள குருநகருக்குச் செல்வோர் ஆங்கொரு சிறு விந்தையைக் காண்பர். கரையூர் என முன்னர் வழங்கிய இவ்வூர் கடல்நீரேரியை முகப்பாகக் கொண்டது. புனித யாகப்பர் ஆலயத்தைச் சூழ்ந்து வாழும் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர்களின் ஊர். கிறித்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள்களில் ஆலயங்களிலும் வீடுகளிலும் பாலன் குடில்கள் எழும். கிடுகு, வைக்கோல், கடதாசி, கடற்கரை மணல் ஆகிய எளிய பொருள்களால் மலையும் குகையும் மாட்டுத் தொழுவமும் உருவாகும். எல்லாம் முடிந்த பின்னர் பஞ்சைப் பிய்த்துக் கூரையின் மீதும் மரக்கிளைகளின் மீதும் ஒட்டுவர். அது பனியாம்!

வெண்பனி ஒருநாளும் பெய்திராத ஊரிலே பஞ்சு பனியாகிறது. விவிலியம் கூறும் பிறப்பு வரலாற்றில் பனி பற்றிய பேச்சில்லை. ஐரோப்பியர் தம் நாட்டுக் குளிர்காலத்தைத் தம் விழாவோடு இணைத்தனர். அவ்விழா ஈண்டு வந்தபோது குளிர்காலத்தின் சாயலும் உடன் வந்தது. அச்சாயலைக் குருநகர் மக்கள் பஞ்சினாற் காட்டினர்.

இப்பஞ்சுப் பனி இரு வினாக்களை எழுப்புகின்றது. மெய்யாகவே வெண்பனி பெய்யும் நாடுகளிற் பனியைக் கொண்டு உருவங்கள் வனைந்து போட்டியிடும் விழாக்கள் எவ்வாறு தோன்றின? பனி பெய்யாத எம் குடாநாட்டில் அவற்றுக்கு நிகரான குளிர்காலக் கலைப் போட்டி உண்டா? இவ்வினாக்களுக்கு வரலாற்று அடிப்படையில் விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனி என்னும் சொல்

முதற்கண் ஒரு சொல் விளக்கம் வேண்டற்பாலது. தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆயின் இப்பனி புல்லின் நுனியில் துளியாய்த் தங்கும் ஈரமேயன்றி வானினின்று வெண்டுகளாய் விழுந்து நிலத்தை மூடுவதன்று. பின்னையதை வெண்பனி என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். வெண்பனி அள்ளத் தக்கது, அழுத்தத் தக்கது, அடுக்கத் தக்கது. களிமண்ணைப் போல வனையவும் மரத்தைப் போலச் செதுக்கவும் இடந்தரும். சில நாள் வெயிலில் நீராகிவிடும்.

மாந்தர் ஆக்கும் கலைப்பொருள்களை நிலைபெறுமாறு ஆக்குவன, அழியுமாறு ஆக்குவன என இரு வகையாகப் பகுக்கலாம். கற்கோயிலும் செப்பேடும் முதல் வகையின. எம் முற்றத்து மாக்கோலமும் சுவாமிக்குச் சாத்தும் மாலையும் இரண்டாம் வகையின. வரலாற்றாசிரியர் பெரும்பாலும் முதல் வகையையே நாடுவர். இரண்டாம் வகை சான்றாக எதனையும் விட்டுச் செல்வதில்லை என்பது அதற்குக் காரணம். ஆயினும் அழியும் பொருளை ஆக்குந் திறன் தலைமுறை தலைமுறையாகத் தொடருமாயின், அத்தொடர்ச்சியே ஒரு வரலாற்றுச் சான்றாகும்.

அரசர் ஆணையும் நகரத்தார் ஆக்கமும்

வெண்பனிச் சிற்பம் பற்றிய பெயர்பெற்ற செய்தியொன்று இத்தாலி நாட்டுப் புளொரன்ஸ் நகரத்தைச் சார்ந்தது. 1494ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நகரில் வழக்கத்துக்கு மாறாகப் பெரும் பனி பெய்தது. நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்துப் பியரோ, தன் மாளிகை முற்றத்தில் வெண்பனியால் ஓர் உருவம் சமைக்குமாறு ஓர் இளைஞனைப் பணித்தான். அவ்விளைஞன் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மைக்கலாஞ்சலோ. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. அவனது வரலாற்றை எழுதிய வசாரி இதனைக் குறித்துள்ளார். சிற்பம் உருகி மறைந்தது. அதன் வடிவம் எவருக்கும் தெரியாது. ஒரு செல்வனின் ஆணையும் ஒரு மேதையின் கையும் சேர்ந்து ஒரு நாள் வியப்பை அளித்தன. அதிலிருந்து மரபெதுவும் கிளைக்கவில்லை.

1511ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரசெல்ஸ் நகரில் நிகழ்ந்தது வேறுபட்டது. கடுங்குளிர் பல வாரங்கள் நீடித்தது. நகர மக்கள் தெருக்களிலும் சந்திகளிலும் ஏறத்தாழ நூற்றுப்பத்து வெண்பனி உருவங்களை எழுப்பினர். சமயக் கதைமாந்தரும் பழங்கதைத் தெய்வங்களும் ஒருபுறம் நிற்க, அரசியற் பகைவரை எள்ளும் உருவங்களும் நாகரிகம் பாராத நகைச்சுவை உருவங்களும் மறுபுறம் நின்றன. யான் சுமேக்கன் என்னும் நகரப் புலவர் அவற்றைப் பாடி வைத்தமையாலேயே நாம் அவற்றை அறிகின்றோம். ஆணையின்றிப் பொதுமக்கள் தம் கருத்தைப் பனியில் வடித்தமை ஈண்டு நோக்கற்பாலது. எனினும் அதுவும் அவ்வொரு குளிர்காலத்தோடு அமைந்தது.

மூன்றாவது எடுத்துக்காட்டு உருசிய நாட்டுப் பீட்டர்ஸ்பேர்க்கிலுள்ளது. 1740ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பேரரசி அன்னாவின் ஆணைப்படி பனிக்கட்டியாலேயே ஒரு மாளிகை கட்டப்பட்டது. சுவரும் கட்டிலும் பீரங்கியும் யானையும் யாவும் பனிக்கட்டி. தன் சினத்துக்காளான கோலித்சின் என்னும் பிரபுவைக் கேலித் திருமணஞ் செய்வித்து, மணமக்களை அம்மாளிகையில் ஓரிரவு முழுவதும் அடைத்து வைத்தாள் அரசி. வியத்தகு கைத்திறன் ஈண்டுக் கொடுமைக்குக் கருவியாயிற்று. வேனில் வர மாளிகை உருகியது. அரசியும் அவ்வாண்டிலேயே மறைந்தாள்.

இம்மூன்று நிகழ்ச்சிகளும் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. பனியும் கலைஞரும் ஆதரிப்போரும் இருந்தால் மட்டும் மரபு உருவாவதில்லை. ஆண்டுதோறும் மீள நிகழும் முறைமை வேண்டும். அதனை உந்தும் போட்டி மனப்பான்மை வேண்டும். அது மக்களின் சொந்த முயற்சியாகவும் இருத்தல் வேண்டும். இவை மூன்றும் ஒருங்கு சேர்ந்தமை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தெளிவாகத் தெரிகின்றது.

சப்போரோ: குப்பையிற் பூத்த விழா

யப்பானின் வடதீவான ஹொக்கைடோவின் தலைநகர் சப்போரோ. நீண்ட குளிர்காலமும் பெரும் பனிப்பொழிவும் உடையது. நகரின் நடுவே கிழக்கு மேற்காக ஓடும் ஒடோரிப் பூங்காவிலே, தெருக்களிலிருந்து அகற்றிய வெண்பனியைக் கொண்டுவந்து கொட்டுவது வழக்கமாயிருந்தது. பனி அந்நகரத்தாருக்கு ஒரு தொல்லை. அகற்ற வேண்டிய குப்பை.

1950ஆம் ஆண்டு பாடசாலை மாணவர் சிலர் அப்பூங்காவில் ஆறு வெண்பனிச் சிற்பங்களை அமைத்தனர். யப்பான் போரில் தோல்வியுற்று ஐந்தாண்டுகளே கடந்திருந்தன. நாடு அந்நியப் படைகளின் ஆட்சியிலிருந்து இன்னும் மீளவில்லை. அந்நிலையில் மாணவரின் இம்முயற்சியைக் காண எதிர்பாராத வகையில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அடுத்த ஆண்டும் விழா நடந்தது. அதற்கடுத்த ஆண்டும் நடந்தது. 1955ஆம் ஆண்டு தற்காப்புப் படையினர் சேர்ந்துகொள்ளப் பேருருவச் சிற்பங்கள் எழுந்தன. 1972ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் அந்நகரில் நடைபெற்றமையால் உலகம் இவ்விழாவை அறிந்தது. 1974ஆம் ஆண்டு பன்னாட்டு அணிகள் பங்குகொள்ளும் சிற்பப் போட்டி தொடங்கியது. ஒரு நகரத்தின் குப்பைமேடு அதன் அடையாளமாயிற்று.

சிற்பம் ஆக்கும் முறை எளியதாகத் தோன்றினும் கடும் உழைப்பை வேண்டுவது. பலகையடைப்புகளுள் வெண்பனியை நிரப்பி மிதித்து இறுக்குவர். பலகையை அகற்றியபின் நிற்கும் பெருங்கட்டியைக் கோடரி, மண்வெட்டி, வாள், உளி ஆகியவற்றாற் செதுக்குவர். நீர் கலந்து குழைத்த பனியே ஒட்டும் சாந்து. குளிர் குறைந்தாற் சிற்பம் தளரும், கூடினாற் பிளக்கும். ஆகவே சிற்பி உளியை மட்டுமன்றி வானிலையையும் அறிந்திருத்தல் வேண்டும். 1974ஆம் ஆண்டு உலகளாவிய எரிபொருள் நெருக்கடியினால் பனியேற்றிவரும் வண்டிகள் குறைந்தன. பனியைச் சேமிக்க உள்ளே வெற்றுப் பீப்பாக்களை அடுக்கிச் சிற்பம் அமைத்தனர். வானிலையும் ஒத்துழையாமையாற் பல சிற்பங்கள் சரிந்தன. பற்றாக்குறை கலையின் உடலுக்குள்ளேயே புகுந்துவிட்ட கதை இது. விழாவோ நிற்கவில்லை.

இதே காலப்பகுதியிற் பிற நாடுகளிலும் இத்தகைய விழாக்கள் வேரூன்றின. கனடாவின் கியூபெக் நகரக் குளிர்கால விழா 1955ஆம் ஆண்டிலிருந்து ஒழுங்காக நடந்துவருகின்றது. சீனத்தின் ஹார்பின் நகரில் 1963ஆம் ஆண்டு பனிக்கட்டி விளக்குகளின் காட்சியாகத் தொடங்கிய விழா பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் தடைப்பட்டது. பின்னர் உயிர்த்து, 1985ஆம் ஆண்டு முதல் ஆண்டு விழாவாக நிலைபெற்றது.

வாடையும் கடற்கரையும்

இனி எம் குடாநாட்டை நோக்குவோம். வெண்பனி வடநாட்டாருக்கு எதுவோ, வாடைக்காற்று எமக்கு அது. கடற்றொழிலாளர் காற்றைத் திசையாற் பெயரிட்டு வழங்குவர்: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது சோளகம், மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழியில் வடகரைக் கடல் கொந்தளிக்கும், தொழில் குன்றும். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22, 23ஆம் நாள்களில் தனுக்கோடியை அழித்து ஈழத்தின் வடபகுதியையும் தாக்கிய சூறாவளி அப்பருவத்தின் கொடுமைக்குச் சான்று. சங்கச் செய்யுள்களில் வாடை பிரிந்தோரை வருத்துங் காற்று. கரையூர்களிலோ அது அடுப்பையும் வருத்துங் காற்று.

அக்காற்றே விளையாட்டுக்கும் மூலப்பொருளாகின்றது. சப்போரோவில் வானம் இலவசமாகத் தருவது பனி. குடாநாட்டில் வானம் இலவசமாகத் தருவது காற்று. பெருமழை ஓய்ந்து காற்று சீர்ப்படும் மார்கழி, தை மாதங்களே யாழ்ப்பாணத்திற் பட்டக் காலம். இப்பருவத்தின் உச்சமாக ஆண்டுதோறும் தைப்பொங்கல் நாளன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையிற் பட்டப் போட்டி நடைபெறுகின்றது. விக்னேசுவரா சனசமூக நிலையத்தார் முன்னின்று நடத்தும் இப்போட்டியே உலகின் வெண்பனிச் சிற்பப் போட்டிகளுக்கு எம்மிடமுள்ள மிக நெருங்கிய நிகர் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

பட்டத்தைச் சிற்பத்தோடு ஒப்பிடுதல் பொருந்துமோ என ஐயுறுவோர் அக்கடற்கரைக்கு ஒருமுறை சென்று காணுதல் நன்று. அங்கு ஏறுவன சிறுவர் ஏற்றும் தட்டைப் பட்டங்கள் மட்டுமல்ல. விசித்திரப் பட்டம் எனப்படும் முப்பரிமாண உருவங்கள் அங்குப் போட்டியிடுகின்றன. கப்பலும் விமானமும் விலங்கும் பறவையும் மனித உருவமும் மூங்கிற் சட்டத்தில் உருப்பெற்று, வண்ணத் தாளும் துணியும் போர்த்து, வானில் எழுகின்றன. சில மேலே சென்றபின் அசையும். சில இரவில் விளக்கொளி காட்டும். வெண்பனிச் சிற்பி தன் உருவத்தை நிலத்தில் நிறுத்துகிறான். பட்டக் கலைஞன் தன் உருவத்தைக் காற்றில் நிறுத்துகிறான். வேறுபாடு அவ்வளவே.

இவ்விழா குருநகரில் அன்றி வல்வெட்டித்துறையில் சிறந்தமைக்கு நிலவியற் காரணமும் உண்டு. வல்வை குடாநாட்டின் வடகரையிலுள்ளது. வடகீழ்க் காற்று கடலிலிருந்து கரை நோக்கி வீசும். தடையற்ற கடல்வெளியைக் கடந்து வருவதாற் காற்று சீரானது. கயிறறுந்தாலும் பட்டம் நிலத்திலேயே விழும். குருநகரோ தென்கரையில் நீரேரியை நோக்கியது. அதே காற்று அங்கு ஊரையும் மரங்களையும் கடந்து குழம்பி வந்து நீரேரி நோக்கிச் செல்லும். அறுந்த பட்டம் மண்டைதீவுப் பக்கத்து நீரிற் போய்விழும். ஒரே வாடை ஓரூருக்கு வாய்ப்பாகவும் மற்றோரூருக்கு இடராகவும் அமைந்தது.

கப்பலும் பட்டமும்

கலைத்திறன் வெறுவெளியில் தோன்றுவதில்லை. மக்களின் தொழிலிலிருந்தே தோன்றும். வல்வெட்டித்துறையார் பாய்க்கப்பலோட்டிய மக்கள். தமிழகத்தோடும் பர்மாவோடும் கடல் வணிகம் நடத்தியோர். தம் கப்பலைத் தாமே கட்டியோர். அவ்வூரிற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை உவில்லியம் உரொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். 'புளோரன்ஸ் சி. உரொபின்சன்' எனப் புதுப்பெயர் பெற்ற அக்கப்பல் வல்வை மாலுமிகளுடன் புறப்பட்டு, அத்திலாந்திக் கடலையும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஓகத்து மாதம் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

கப்பலுக்கு வேண்டிய அறிவும் பட்டத்துக்கு வேண்டிய அறிவும் பெரிதும் ஒன்றே எனல் மிகையாகாது. பாய் காற்றை ஏற்கும் கோணத்தை அறிந்தவன் பட்டத்தின் முச்சையை அமைக்க அறிவான். முச்சையென்பது பட்டத்தின் உடலிற் பல புள்ளிகளிலிருந்து வந்து ஓரிடத்திற் கூடும் நூற்பிணைப்பு. அது சிறிது மேலேறினாற் பட்டம் சாயும். சிறிது கீழிறங்கினாற் சுழன்று விழும். அளவுகோலாலன்றிக் கைப்பழக்கத்தாலேயே அது அமையும். மூங்கிலை வகிர்ந்து இருபுறமும் ஒரே எடையாகச் சீவுதல், முறுகாத கயிறு தெரிதல், அவிழாத முடிச்சிடுதல், காற்றின் குறியறிதல் என்பன யாவும் கடலோடிகளின் கல்வியே. கொக்கு, பிராந்து, எட்டுமூலை, வௌவால், பெட்டி எனப் பட்டங்களின் வகைகளும் பலவாகும். தலைப்பில் வில்லாக வளைத்துக் கட்டிய விண், பனைநாரோ பொதிகட்டும் நாரோ காற்றில் அதிர, இரவெல்லாம் கூவும். ஓசையைக் கொண்டே எவ்வூர் யாருடைய பட்டம் என இனங்காண்போரும் உளர்.

இவ்விடத்திலேயே கட்டுரையின் மையக் கருத்து வெளிப்படுகின்றது. பல்லாண்டு நிலைபெறுமாறு கட்டியது கப்பல்; ஒரு பருவத்தோடு கிழியுமாறு கட்டியது பட்டம். இன்று எது எஞ்சியுள்ளது? இயந்திரக் கப்பல்களின் பெருக்கத்தாலும் சுதந்திரத்தின் பின் இரு நாடுகளின் எல்லைக் கட்டுப்பாடுகள் இறுகியமையாலும் பாய்க்கப்பல் வணிகம் நலிந்தது. 'அன்னபூரணி' போன்ற பெருங்கப்பல் இன்று வல்வையிற் கட்டப்படுவதில்லை. ஒரு கப்பல் நெடுங்காலம் உழைக்கும். அடுத்த கப்பலுக்குத் தேவை எழாத ஒரு தலைமுறை வருமாயின் தச்சன் கைத்திறன் அவனோடே மறையும். பட்டமோ ஆண்டுதோறும் கிழிவதால் ஆண்டுதோறும் கட்டவேண்டியதாகின்றது. கட்டும்போது தந்தையின் அருகில் மகன் இருக்கிறான். அண்ணனின் அருகில் தம்பி இருக்கிறான். பொருள் அழிவதாலேயே திறன் அழியாதிருக்கின்றது. சப்போரோவின் சிற்பம் உருகாது நிலைத்திருக்குமாயின், அடுத்த ஆண்டு அம்மாணவருக்கு அங்கு வேலையிருந்திராது.

போரும் விழாவும்

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க எம் வரலாறே கொடிய வாய்ப்பை அளித்துள்ளது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவு முதல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. நிலைபெறுமாறு சேர்த்து வைத்தவை ஓரிரவில் அழிந்தன. 1983ஆம் ஆண்டின் பின் போர் முற்றியது. 1986ஆம் ஆண்டு யூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலிற் குருநகரைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்ட மீனவர் கொல்லப்பட்டனர். 1987ஆம் ஆண்டு வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நடந்தது; 1989ஆம் ஆண்டு ஓகத்தில் வல்வெட்டித்துறையில் இந்திய அமைதி காக்கும் படையினராற் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 1993ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயம் வான்குண்டு வீச்சுக்கு உள்ளாயிற்று, ஆலயத்திலிருந்தோர் உயிரிழந்தனர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ அனைவரும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர்.

பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் எரிபொருளும் மின்கலமும் அரும்பொருளாயின. கடற்கரை படையினரின் கண்காணிப்பிலிருந்தது; கடலுக்குச் செல்லவே அனுமதி வேண்டியிருந்தது. இத்தகைய சூழலில் வானை நோக்கி விளையாடும் மனம் எவ்வாறு வரும்? வானம் அப்போது பட்டத்துக்குரியதாய் இருக்கவில்லை. ஓசை கேட்டவுடன் பதுங்குகுழியைத் தேடச் செய்யும் ஒன்றாயிருந்தது. ஆயினும் மூங்கிலையும் ஈர்க்கையும் பழந்தாளையும் எத்தடைப் பட்டியலாலும் முற்றாக அற்றுப்போகச் செய்ய இயலாது. முச்சையிடும் அறிவு இடம்பெயர்ந்தோரின் கையோடு சென்றது; அதற்குப் பெட்டியும் வண்டியும் வேண்டியிருக்கவில்லை. 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்ற பின் வல்வைக் கடற்கரையில் தைப்பொங்கல் தோறும் பெருங்கூட்டம் கூடுகின்றதெனின், கையிற் காத்த அக்கல்வியே அதற்குக் காரணம்.

பிறநாட்டு வரலாறும் இதனை அரண்செய்கின்றது. போலந்து நாட்டுக் கிராக்கோவ் நகரில் பாலன் குடிற் போட்டி 1937ஆம் ஆண்டு தொடங்கியது. நகரத்துக் கோபுரங்களைப் பின்பற்றி வண்ணத் தாள்களால் மினுங்கும் குடில்களைச் செய்து, டிசெம்பர் மாதத்திற் சந்தைச் சதுக்கத்தில் அடுக்கிப் போட்டியிடுவர். இரண்டாம் உலகப் போர் அதனை நிறுத்தியது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டு டிசெம்பரிலேயே மீண்டும் குடில்கள் சதுக்கத்துக்கு வந்தன. 2018ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அக்குடில் மரபினை மானிடத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டுச் சொத்துகளுள் ஒன்றாக ஏற்றது. குடிலும் பட்டமும் வெண்பனிச் சிற்பமும் தம்முள் வேறுபட்டவை. இடிந்த ஊர் தன்னை மீளக் கண்டுகொள்ளும் வாயில்களாய் அமைந்தமையில் அவை ஒன்றே.

மறுதலையான கருத்துகள்

இங்ஙனங் கூறுமிடத்து இரு மறுப்புகள் எழலாம். அழியும் கலை தானே தன்னைக் காத்துக்கொள்ளுமாயின் அதனை ஆவணப்படுத்த வேண்டியதில்லை என்பது ஒன்று. இது பிழையான முடிபாகும். ஆண்டுதோறும் கற்கும் தொடர் ஒரு தலைமுறை அறுந்தால் அக்கலையை மீட்டெடுக்கக் கல்லும் இல்லை, ஏடும் இல்லை. போர்க்காலத்தில் இளைஞர் பல்லாயிரவர் மாண்டனர், பல்லாயிரவர் கடல்கடந்தனர். எத்தனை வகை விண்களின் அமைப்பு அவர்களோடு மறைந்ததென்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. பிரசெல்ஸ் நகரத்துப் பனியுருவங்களை ஒரு புலவர் பாடி வைத்தார். எம் பட்டங்களை எழுதி வைத்தோர் மிகச் சிலரே.

போட்டி பெருகினாற் கலை கெடும் என்பது மற்றது. இதில் உண்மையுண்டு. பரிசும் கூட்டமும் படப்பிடிப்பும் பெருகுந்தோறும் உருவம் பெரிதாக வேண்டுமென்னும் வேட்கை பெருகும். 2021ஆம் ஆண்டு டிசெம்பரில் பருத்தித்துறைப் பகுதியிற் பெரும் பட்டமொன்றை ஏற்றிய இளைஞர் குழுவில் ஒருவர், கயிற்றை விடாது பற்றியிருந்தமையால் வானுக்குத் தூக்கிச் செல்லப்பட்டுப் பின் விழுந்து உயிர்தப்பினார். அக்காட்சி உலகெங்கும் பரவியது. பலர் நகைத்தனர், காற்றின் வலுவை அறிந்த முதியோர் நகைக்கவில்லை. பீட்டர்ஸ்பேர்க்குப் பனிமாளிகை கற்பிப்பது போல, வியப்பு ஒன்றே நோக்கமாகும்போது மனிதர் அதற்கு இரையாவர். ஆகவே அளவையும் காப்பையும் வரையறுக்கும் பொறுப்பு விழா நடத்துவோர்க்கு உண்டு. ஆயினும் போட்டியையே நிறுத்துதல் மருந்தாகாது, போட்டியின்றேல் கற்றலுமில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். வெண்பனிச் சிற்ப விழாவும் பட்ட விழாவும் பருவம் இலவசமாகத் தரும் பொருளிலிருந்தும் அப்பருவத்தில் தொழில் குன்றிக் கிடைக்கும் ஓய்விலிருந்தும் பிறந்தவை. அரசரும் செல்வரும் ஆணையிட்டு ஆக்கியவை ஒரு காலத்தோடு ஒழிய, மக்கள் ஆண்டுதோறும் போட்டியிட்டு ஆக்குபவையே மரபாயின. பொருளின் அழிவே திறனின் காப்பாக அமைகின்றது.

இனிச் செய்யவேண்டியது யாதெனில், பல்கலைக்கழக மாணவர் வல்வைக்கும் அயலூர்களுக்கும் சென்று பட்டம் கட்டும் முதியோரிடம் அமர்ந்து எழுதுதலாகும். ஒவ்வொரு வகைப் பட்டத்தின் பெயர், சட்டத்தின் நீள அகலம், முச்சைப் புள்ளிகளின் இடம், விண்ணின் நார், வாலின் எடை ஆகியவற்றை அளந்து வரைந்து வைத்தல் வேண்டும். குருநகர்க் குடில்களையும் அங்ஙனமே பதிவு செய்தல் வேண்டும். நூலகத்தை இழந்த சமூகத்துக்கு இது சிறு பணியன்று.

இன்று ஈழத்தமிழர் பலர் மெய்யான வெண்பனி பெய்யும் நாடுகளில் வாழ்கின்றனர். கனடியப் பாராளுமன்றம் 2016ஆம் ஆண்டு ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அங்குத் தைப்பொங்கல் வெண்பனியின் நடுவே வருகின்றது. வல்வையிலோ குருநகரிலோ பிறந்த ஒரு தந்தை, ரொறன்ரோ நகரத்து வீட்டு முற்றத்தில் தன் பிள்ளையோடு பனியில் ஓர் உருவம் வனையும்போது, அப்பிள்ளைக்கு அது புதுமையன்று; தந்தைக்கே புதுமை. அவன் கைகள் அறிந்தது மூங்கிலும் நூலும். குருநகரில் அவன் உறவினரோ அதே நாள்களிற் குடிலின் பஞ்சுப் பனியைப் பிரித்துப் பையில் இட்டு வைத்திருப்பர். அடுத்த மார்கழிக்கு அது பழுப்பேறிவிடும். புதுப்பஞ்சு வாங்கித்தான் ஆகவேண்டும்.